கட்டிலில் விரித்த பாலித்தீன்

தம்பிக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. உன் அப்பாவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். மூன்று நாளாகப் பகலில் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். பகலில் எழுதினால் கோபம் தணிந்துவிடும், நாலு நல்ல வார்த்தை சேர்த்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. போனில் இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் “மீட்டிங்ல இருக்கேம்மா” என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு பெங்களூரில் என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை உன்னால் அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை முழுதாகப் படித்துவிடு.

போன வாரம் நீ சொன்னதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குன்னத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிற சுகன்யாவையும் குழந்தையையும் எப்போது வந்து கூட்டிப் போகிறாய் என்று கேட்டேன். “குன்னத்தூர்லயே இருக்கட்டும்மா. ஆபரேஷன் பண்ணி ஆல்டர் முடிச்சு அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் பாக்கலாம்” என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். பக்கத்தில் யாரோ இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள்தான். தையல் பிசகிய இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிற பனியனுக்குப் பெயர் ஆல்டர் பீஸ். உனக்கு ஒரு பெண் குழந்தையைப் பெற்றுக் கொடுத்து எட்டு மாதம் ஆனவளுக்கு நீ அந்தப் பெயரை வைத்தாய். நீதான் காதலித்தாய், நீதான் அவள் வீட்டுக்குப் போய் நின்றாய், “தெக்கத்திக்காரங்களுக்கு எங்க பொண்ணக் குடுக்கறதில்லீங்க” என்று அவள் சித்தப்பா சொன்னதையும் வாங்கிக்கொண்டு நின்றாய். அன்றைக்கு உன்னைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நீ இப்போது எனக்குத் திருப்பித் தரவேண்டியிருக்கிறது.

அவள் மூன்றாம் மாதம் குழந்தையோடு நம் வீட்டுக்கு வந்தாள். பத்து நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே கிளம்புவதென்றால் முந்தின நாளிலிருந்தே சாப்பிடமாட்டாள். எங்கே போனாலும் முதலில் கக்கூஸ் எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். கறுப்பும் அடர்நீலமும் தவிர வேறு சுடிதாரை எடுக்கமாட்டாள். தும்மல் வந்தால் எழுந்து ஓடுவாள். இதெல்லாம் கவனிக்காதவர்கள் கண்ணுக்குத் தெரியாது. எனக்கு ஏன் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். உனக்கும் தெரிந்தது. நீ திட்டவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு நாள் கம்பெனியிலிருந்து வரும்போது, அட்டைப்பெட்டிக்குள் விரிக்கிற பாலித்தீன் ரோலிலிருந்து நாலு மீட்டர் வெட்டிச் சுருட்டிக்கொண்டு வந்தாய். கட்டிலில் அவள் படுக்கிற பக்கம் மட்டும் விரித்து, மேலே போர்வையைப் போட்டாய். “பெட் புதுசும்மா, அதான்” என்றாய். அவள் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் அது சரசரவென்று சத்தம் போடும். அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் திரும்பிப் படுப்பதையே நிறுத்திவிட்டாள். குழந்தை அழுதால்கூட எழுவதற்கு யோசித்தாள். பதினைந்து நாள் பொறுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குன்னத்தூர் போனாள். நீ பெங்களூர் வேலையை ஒத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினாய். வீடு பார்த்ததும் கூட்டிப் போவதாகச் சொன்னாய். வீடு பார்த்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

இப்போது கேள். இருபத்திமூன்று வருஷமாக உனக்குச் சொல்லாததைச் சொல்கிறேன். உன் மனைவிக்கு இருப்பது எனக்கும் இருக்கிறது. உன்னைப் பெற்றதில் வந்தது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.ஏ. இரண்டாம் வருஷம் பாதியில் கல்யாணம். மீதியைப் பிறகு தபாலில் படித்துத்தான் முடித்தேன். பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஒன்றரை நாள் வலி. நீ பெரிய குழந்தை, தலை திரும்பவில்லை, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். கிழிந்தது பின்பக்கம்வரை போய்விட்டது. யார் தைத்தார்கள், எப்படித் தைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு காற்றை அடக்க முடியவில்லை. பிறகு அதற்கு மேலும் அடக்க முடியவில்லை. நர்ஸம்மாவிடம் கேட்டேன். “பிள்ள பெத்தா எல்லாருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாப் போயிரும், போ” என்றாள். நானும் போனேன். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை, தம்பி. பிறக்கிற குழந்தைக்கு ஒரு குற்றமும் கிடையாது. பாலித்தீன் வெட்டிக்கொண்டு வருகிறவனுக்கு உண்டு.

உன் அப்பாவும் திட்டவில்லை. ஒரு நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் அறைக்குப் போனார். “ஒனக்குக் காத்து வேணும்ல, நான் அங்கன படுத்துக்கிடுதேன்” என்றார். அவ்வளவுதான். இன்றுவரை அங்கேதான் படுக்கிறார். அப்பாவின் குறட்டைக்காக அப்படி என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன். அவர் மனசில் அது இரக்கம்தான், எனக்குத் தெரியும். ஆனால் இருபது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், “ஆசுபத்திரிக்குப் போவமா” என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வீட்டில் இரண்டு பக்கம் இருந்தோம். அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. அதனால் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலும் அவர்மேலும்தான் வருகிறது. மீதிப் பாதி உனக்கே.

நெருப்பெரிச்சல் பக்கத்துப் பனியன் கம்பெனியை நான் ஏன் விட்டேன் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். பொய். அந்தக் கம்பெனி இன்னும் நடக்கிறது. அங்கே ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மேஜைக்கு, ஒரு கோன். நூல் தீர்ந்துபோன காலி பிளாஸ்டிக் கோனில் லைன் நம்பர் எழுதி ஆணியில் மாட்டியிருப்பார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கக்கூஸுக்குப் போகவேண்டும். ஒருத்தி போய்த் திரும்பி வந்து கோனை மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். நான் அடிக்கடி எடுப்பேன். “இந்தக்கா கோனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க” என்று லைனில் வேலை செய்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு நாள் ஷிப்மென்ட் அவசரம். எனக்கு வயிறு முறுக்கியது. ஆணியில் கோன் இல்லை. சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். “கோன் வரட்டும், போலாம். ரூல்ஸ் ரூல்ஸ்தானுங்க” என்றார், நிமிர்ந்தே பார்க்காமல். திரும்பி மேஜைக்கு வருவதற்குள் ஆகிவிட்டது. மேஜையில் வெள்ளை டி-ஷர்ட் குவிந்து கிடந்தது. கீழே கிடந்த கலர் வேஸ்ட் துணியை அள்ளி இடுப்பில் சுற்றிக்கொண்டு, வாந்தி பேதி என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். பஸ் ஏறத் துணிச்சல் இல்லை. அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. பாக்கிக் கூலியைக்கூட உன் அப்பாதான் போய் வாங்கிவந்தார்.

நீ ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் ஜெயித்தாய். ஆண்டு விழாவில் எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள், அனுப்பர்பாளையத்துத் தட்டு, உன் பெயர் வெட்டினது. எனக்குத் தலைவலி, அதனால் வரவில்லை என்று சொன்னேன். நீ தட்டை அலமாரியில் கவிழ்த்து வைத்தாய். உன் கல்யாணத்தன்று மைக்கில் “எங்கம்மா எதுக்கும் வரமாட்டாங்க, இதுக்கு வந்ததே பெரிசு” என்று சொன்னாயே, எல்லோரும் கைதட்டினார்கள். தம்பி, நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். கேட் வரைக்கும் வந்தேன். மைக்கில் உன் பெயரைக் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அதோடு திரும்பிவிட்டேன். ஏன் என்று உனக்கு இப்போது புரியும்.

படித்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா என்று கேட்பாய். படித்தவள்தான் கூடுதலாகக் கெடுத்துக்கொண்டேன். கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலையில் கடுங்காப்பி, மத்தியானம் பன், சாயந்தரம் டீ. மருந்துக்கடையில் பேதி நிற்கிற மாத்திரை கேட்டு, அட்டையிலுள்ள இங்கிலீஷைப் படித்துவிட்டு நானே அளவு வைத்துக்கொண்டு விழுங்கினேன். நாலைந்து நாள் ஒன்றுமே போகாது. அப்புறம் முன்னைவிட மோசமாகும். உள்ளே இறுகிக் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு தண்ணீராய்க் கசிவது அது என்று இப்போதுதான் எனக்குத் தெரியும். துணிக்குப் பஞ்சமில்லாத ஊர் அல்லவா, பனியன் வேஸ்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டேன். சாயம் போட்ட துணி, ஈரத்தில் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும். அதற்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உனக்கு டிபன் கட்டிக் கொடுத்தேன்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் கை வரவில்லை. சுகன்யா முதலில் என்னிடம்தான் சொன்னாள். “அத்த, சொல்றதுக்குக் கூச்சமா இருக்குதுங்க. எனக்குத் தெரியாமயே போயிருதுங்க” என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீரைக் குறைத்துக்கொள், கறுப்பாக உடுத்து, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னேன். பீரோவுக்கு அடியிலிருந்து மடித்து வைத்த பனியன் வேஸ்ட் கட்டு ஒன்றை எடுத்து, தாம்பூலம் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அவளுக்குக் கொடுத்தேன். “ஒனக்குப் பழகிரும்” என்றேன். எந்த நர்ஸம்மாவை இருபத்திமூன்று வருஷமாகச் சபித்தேனோ, அவளாகவே நான் மாறி நின்றேன். சுகன்யா குன்னத்தூர் போன அன்றைக்கு அறையைக் கூட்டும்போது அந்தக் கட்டு பிரிக்காமல் தலையணைக்கு அடியில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாளே குன்னத்தூர் போய், அவள் அம்மாவிடம் குழந்தையை விட்டுவிட்டு, இவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் ஒரு பெண். அவசரப்படாத மனுஷி. சுகன்யாவைப் பார்த்து, “காத்து மட்டும் போகுதா, இல்ல மத்ததும் சேர்ந்து போகுதாம்மா?” என்று கேட்டார். இவள் தலையைக் குனிந்தாள். நான் சொன்னேன். “வர்றது தெரிஞ்சு ஓடுறதுக்குள்ள போகுதா, வர்றதே தெரியாதா?” நான் சொன்னேன். “இருமினா?” அதற்கும் நானே சொன்னேன். “எந்தச் சாப்பாட்டுக்கு அதிகமாகுது?” டீ, பால், பச்சைமிளகாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது யாருக்குங்க?” என்றார். சுகன்யாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேருக்குமுங்க டாக்டர்” என்றாள். அவளுக்கு எப்போது தெரிந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, தம்பி. ஆத்திரம்தான் வந்தது. ஐந்து நிமிஷத்தில் கேட்டு முடிக்கிற நாலு கேள்வி. அதைக் கேட்பதற்கு என் வாழ்க்கையில் ஒரு ஆள் வர இத்தனை வருஷம்.

இனி ஆபரேஷனைப் பற்றி. உன் ஆபீசில் யாரோ சொன்னார்கள், கத்தி வைத்தால்தான் தீரும் என்று. அந்த டாக்டர் அதை முதலில் சொல்லவில்லை, கடைசியில்தான் சொன்னார். சுகன்யாவை விரலால் சோதித்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். ஆசனவாயைச் சுற்றி இருக்கிற தசை முழுதாக அறுந்துபோகவில்லை, ஒரு பக்கம் கிழிந்து வலுவிழந்திருக்கிறது என்றார். “எலாஸ்டிக் லூசாயிருச்சுங்களா டாக்டர்?” என்று சுகன்யா கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். “கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. ஆனா இது பழக்கினா இறுகற எலாஸ்டிக்” என்றார். ஆறு மாதம் இந்த வழியில் முயற்சி செய்வோம், போதவில்லை என்றால் மற்றதைப் பேசலாம், எல்லோருக்கும் முழுதாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், பெரும்பாலும் நன்றாகக் குறையும் என்றார்.

வழி என்றால் பெரிய மந்திரம் இல்லை. இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம், எப்போது போனோம், எப்போது கசிந்தது என்று எழுதச் சொன்னார். அதை வைத்து ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். இவளுக்குப் பால், எனக்கு டீ. பட்டினி கூடாது, தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்று என்னைத்தான் பார்த்துச் சொன்னார். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து அளவாகக் குடித்தால் இளகினது கெட்டிப்படும், இறுகினது இளகும். காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், முக்காமல் பத்து நிமிஷம் உட்காரவேண்டும். உடம்பு அந்த நேரத்தைக் கற்றுக்கொள்ளும். பஸ்ஸில் போகிற நாளில் அவர் சொன்ன அளவில் மட்டும் மாத்திரை. சாயத் துணிக்குப் பதில் நாப்கின், கழுவி ஒற்றி எடுத்துவிட்டுத் தடவ ஒரு வெள்ளைக் களிம்பு. என் புண் பத்து நாளில் ஆறியது. பத்து நாள், தம்பி.

அப்புறம் பயிற்சி. காற்றை அடக்குகிற மாதிரி உள்ளே இறுக்கி, எண்ணி, மெல்ல விடவேண்டும். தொடையை நெருக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. சரியான தசையைத்தான் இறுக்குகிறோமா என்று தெரிவதற்குப் பிசியோதெரபி அறையில் ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். விரல் கனத்தில் ஒரு குழாயை உள்ளே வைத்து, எதிரே டி.வி. மாதிரி ஒன்றில் கோடு ஓடும். சரியாக இறுக்கினால் கோடு ஏறும். முதல் நாள் சுகன்யாவின் கோடு தரையோடு கிடந்தது. என்னுடையது அதைவிட மோசம். ஆறாவது தடவை போனபோது அவள் கோடு மேடு மாதிரி எழும்பியது. அந்தப் பெண் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, குழந்தை பிறந்த பிறகு நான் அவளிடம் அதைப் பார்க்கவே இல்லை. நீ பார்க்கவேண்டிய சிரிப்பு அது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குன்னத்தூரில் நானும் அவளும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, சீரியலில் விளம்பரம் வந்தால் பயிற்சி செய்வோம். “ஏனுங்க, ரெண்டு பேரும் திடீர்னு பேச்சை நிறுத்திட்டு செவுத்தப் பாக்கறீங்க?” என்று சம்பந்தியம்மா கேட்பார். பஸ்ஸில் வரும்போதும் செய்வோம். “அத்த, ரெண்டு பேரும் சேர்ந்து இறுக்கினா பஸ்ஸே நின்னுரும் போலிருக்குதுங்க” என்று காதில் சொல்வாள். போன தடவை அவினாசியில் இறங்கி ஓடாமல் நேராகக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தோம். உனக்கு அது ஒன்றுமில்லை. எனக்கு இருபத்திமூன்று வருஷத்தில் முதல் தடவை. அவளுக்கு இப்போது வாரத்துக்கு ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. எனக்குப் பழைய காயம், மெல்லத்தான் குறையும் என்கிறார். நாற்பத்திரண்டு வயதுதானே, பொறுமையாகச் செய்யுங்கள் என்கிறார். செய்கிறேன்.

நீ அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று நான் திட்டியபோது அவள் சொன்னாள், “அவருக்கு அருவருப்பா இருக்குதுங்க அத்த. எனக்கே இருக்குது. அவரக் குத்தஞ் சொல்லாதீங்க.” எனக்கு அப்போதுதான் உன்மேல் உண்மையான கோபம் வந்தது. இருபத்தியொரு வயதுப் பெண் தன் உடம்பைத் தானே அருவருக்கும்படி செய்திருக்கிறாய், அதுவும் ஒரு வார்த்தை பேசாமல். உன்னை நான் எத்தனை துணி கசக்கி வளர்த்தேன். ஒரு நாள் மூக்கைப் பொத்தியிருப்பேனா?

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கவேண்டும். புருஷனையும் வரச் சொல்லுங்கள், அவருக்கும் சில விஷயம் சொல்லவேண்டும் என்றிருக்கிறார். புதன்கிழமை நீ கிளம்பி வா. நான் அவளை உன்னோடு அனுப்பி வைக்கிறேன் என்று நினைக்காதே. போவதா வேண்டாமா என்று உன்னைப் பார்த்தபிறகு அவள்தான் சொல்வாள். நீ வராவிட்டால் அவளும் குழந்தையும் என்னோடு இருப்பார்கள். அதையும் சம்பந்தியம்மாவிடம் பேசிவிட்டேன்.

அந்தப் பாலித்தீனை நான் எடுக்கவில்லை. உன் கட்டிலில் அப்படியே கிடக்கிறது. இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், ஒவ்வொரு வரிக்கும் சரசரக்கிறது. நீ விரித்ததை நீ வந்து உன் கையால் சுருட்டி எடுக்கவேண்டும், அவள் இந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால்.

வருகிறாயா இல்லையா என்று சீக்கிரம் பதில் எழுது.

அம்மா